பண்டமும் குரலும்: பில்லி ஹொலிடேயின் ‘ஸ்டாண்டர்ட்’ பாடல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

1

முற்போக்கு விமர்சகர்கள் ஜாஸ் இசையைப் பற்றிப் பேசும்போது பில்லி ஹொலிடேயின் பெயரைத் தவறாது குறிப்பிடுவர். ஆயின் அவர்கள் அவருடன் சேர்த்துக் குறிப்பிடுவது பெரும்பாலும் ஒரே ஒரு பாடலையே. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே கறுப்பின மக்கள் நிறவெறிக் கும்பல்களாற் கொல்லப்பட்டு மரங்களிலே தொங்கவிடப்பட்ட கொடுமையைப் பொருளாகக் கொண்ட ‘ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்’ என்பதே அது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்திருந்த ஏபல் மீரப்போல் என்னும் பாடசாலை ஆசிரியர் எழுதி, 1937இல் ஆசிரியர் சங்க ஏடொன்றில் வெளியிட்ட கவிதை அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து இசை கேட்பதற்கென 1938ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கில் திறக்கப்பட்ட ‘கஃபே சொசைட்டி’யில் ஹொலிடே அதனைப் பாடினார். அவர் ஒப்பந்தம் செய்திருந்த கொலம்பியா நிறுவனம் அதனைப் பதிவுசெய்ய மறுத்தமையால், ‘கொமடோர்’ என்னும் சிறிய நிறுவனத்துக்காக 1939 ஏப்பிரல் 20ஆந் திகதி அப்பாடல் பதிவாயிற்று.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் அன்றைய தினம், அதே கலையகத்தில், அதே வாத்தியக் குழுவுடன் ஹொலிடே மேலும் மூன்று பாடல்களைப் பதிவுசெய்தார் என்பதை எவரும் அதிகம் பொருட்படுத்துவதில்லை. அவற்றுள் ஒன்று அவரே ஆக்கிய ‘ஃபைன் அன்ட் மெலோ’ என்னும் புளூஸ் பாடல். ஏனைய இரண்டும் வணிக மேடைக்காக எழுதப்பட்ட பாடல்கள்: ஹரல்ட் ஆர்லனும் ரெட் கோலரும் ஆக்கிய ‘ஐ கொட்டா ரைட் டு சிங் த புளூஸ்’, ஜெரோம் கேர்னும் ஒட்டோ ஹார்பாக்கும் ஆக்கிய ‘யெஸ்டர்டேஸ்’. நமது விமர்சனம் முதலாவது பாடலை எடுத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட்டுவிடுகின்றது. ஒன்று எதிர்ப்பு இலக்கியம், மற்றவை சந்தைச் சரக்கு என்பதே இப்பாகுபாட்டின் அடிப்படை.

இப்பாகுபாடு பிழையானது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முனைவது. ஹொலிடேயின் சமூக முக்கியத்துவம் அவர் பாடிய எதிர்ப்புப் பாடலில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. சந்தைக்கென ஆக்கப்பட்ட காதற் பாடல்களை அவர் கையாண்ட முறையிலும், அதாவது அவரது கலையின் உருவத்திலும், அது உறைந்துள்ளது. இதனை ஏற்றுக்கொள்ளாவிடின் அவரது வாழ்நாள் உழைப்பின் மிகப் பெரும் பகுதியை நாம் விளங்கிக்கொள்ள இயலாது போய்விடும்.

2

‘ஸ்டாண்டர்ட்’ எனப்படுவது யாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ 1920க்கும் 1950க்கும் இடையில் பிராட்வே இசைநாடகங்களுக்காகவும், ஹொலிவூட் திரைப்படங்களுக்காகவும், ‘ரின் பான் அலி’ என்ற பெயராற் சுட்டப்பட்ட நியூயோர்க் பாடல் வெளியீட்டகங்களுக்காகவும் எழுதப்பட்டு, பின்னர் ஜாஸ் கலைஞர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய பொதுச் சொத்தாக நிலைத்துவிட்ட பாடல்களே ஸ்டாண்டர்டுகள். அவற்றிற் பெரும்பாலானவை எட்டு எட்டுத் தாளக் கட்டங்களாலான நான்கு பகுதிகளைக் கொண்டவை. முதற் பகுதி மீண்டும் ஒருமுறை வரும். பின்னர் ஒரு மாற்றுப் பகுதி. இறுதியில் மீண்டும் முதற் பகுதி. மொத்தம் முப்பத்திரண்டு கட்டங்கள். ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டிய 78 சுழற்சி இசைத்தட்டுக்கும், இலகுவில் மனனமாக வேண்டிய இசைக்குறிப்புத் தாளுக்கும் இவ்வடிவம் நன்கு பொருந்திற்று.

பாடல் இங்கு முழு அர்த்தத்திலும் பண்டம். தியடோர் அடோர்ணோ 1936இல் புனைபெயரில் வெளியிட்ட ஜாஸ் பற்றிய கட்டுரையிலும், வெகுசன இசை பற்றிய 1941ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இப்பண்டத்தின் இயல்பைக் கடுமையாக ஆராய்ந்தார். பாடல்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. அவற்றின் மேற்பரப்பிற் செய்யப்படும் சிறு மாற்றங்கள் கேட்போனுக்குத் தனித்துவம் என்னும் மயக்கத்தைத் தருகின்றன. ஜாஸ் கலைஞன் அந்நேரத்தில் ஆக்கி இசைப்பதாகத் தோன்றுவதும் முன்னரே வரையறுக்கப்பட்ட சட்டகத்துக்குள் அடங்கியதே — இதுவே அவரது வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. பண்பாட்டுத் தொழிலின் இயங்குமுறையை இவ்வளவு கூர்மையாக இனங்கண்டவர் சிலரே. எனினும் அடோர்ணோ பாடலின் எலும்புக்கூட்டையே பெரிதும் நோக்கினார். அதனைக் கையாண்ட மனிதரை நோக்கவில்லை. சட்டகம் ஒன்று இருப்பதனாலேயே அதனுள் நிகழும் உழைப்பு போலியானது என்று முடிவுசெய்தல் தருக்கமாகாது. கறுப்பின மக்களின் இசை வரலாற்றை அவர் கணக்கிலெடுக்காமையும் பெருங்குறை. அடிமை முறைக் காலத்திலிருந்தே அம்மக்கள் பிறருடைய மொழியையும், பிறருடைய சமயப் பாடல்களையும், பிறருடைய வாத்தியங்களையும் ஏற்று, அவற்றினூடே தமது அனுபவத்தைச் சொல்லப் பழகியவர்கள். கொடுக்கப்பட்டதைத் தமதாக்கல் அவர்களுக்கு மேற்பரப்பு அலங்காரமன்று, உயிர்வாழ்வின் நிபந்தனை. பிற்காலத்தில் அமிரி பராக்கா என்று பெயர் மாற்றிக்கொண்ட லீறோய் ஜோன்ஸ் 1963இல் வெளியிட்ட ‘புளூஸ் பீப்பிள்’ என்னும் நூல் இவ்வரலாற்றை விரிவாகப் பேசுகின்றது.

3

ஹொலிடே 1915இல் பிலடெல்பியாவிற் பிறந்து, பால்ரிமோர் நகரின் வறுமையில் வளர்ந்தவர். முறையான இசைக்கல்வி அவருக்குக் கிட்டவில்லை. லூயி ஆம்ஸ்ட்ரோங், பெஸி ஸ்மித் ஆகியோரின் இசைத்தட்டுகளே தமது பாடசாலை என்பது அவரது தன்வரலாற்றிலிருந்து தெரியவருகின்றது. அவரது குரல் எட்டிய எல்லை ஒரு ஸ்தாயியைச் சற்றே கடந்தது. உரத்த குரலுமன்று. ஆகவே குரல்வளத்தைக் கொண்டு அவரது சாதனையை விளக்கமுடியாது. அவர் ஒரு பாடலுக்குச் செய்தவை யாவை என்றே நாம் கேட்டல் வேண்டும்.

முதலாவது, காலம். தாளம் விழும் இடத்திற் சொல்லை வைக்காது, சற்றுப் பிந்தி வைப்பது அவரது வழக்கம். வாத்தியக் குழு முன்னே செல்ல, குரல் பின்னே தயங்கி வரும். வரியின் முடிவில் எவ்வித அவசரமுமின்றி வந்து சேர்ந்துகொள்ளும். கருநாடக இசையில் நிரவலைக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. சாகித்தியத்தின் சொற்களை மாற்றாது, தாளத்தின் எல்லைக்குள் அவற்றைப் புதிது புதிதாகப் பகிர்ந்து வைப்பதே நிரவல். ஆயின் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நிரவல் செய்பவர் ஒரே வரியைப் பலமுறை விரித்துப் பாட அனுமதி உடையவர்; மரபே அவருக்கு அவ்வுரிமையை வழங்கியிருக்கின்றது. ஹொலிடேக்கோ அக்காலப் பதிவுகளிற் பெரும்பாலும் ஒரே ஒரு சுற்றே கிடைத்தது. வாத்தியங்கள் தொடங்கி வாத்தியங்களே முடிக்கும் மூன்று நிமிடத்தில், நடுவே வரும் முப்பத்திரண்டு கட்டங்களுக்குள் அவர் தமது பணியை முடித்தாக வேண்டும்.

இரண்டாவது, மெட்டு. இசைக்குறிப்புத் தாளில் மேலேறிக் கீழிறங்கும் வரியை அவர் பல இடங்களில் ஒரு சில சுரங்களுக்குள் ஒடுக்கிவிடுவார். இனிமைக்கென இடப்பட்ட வளைவுகள் நீங்கவே, வரி பேச்சை அணுகுகின்றது. மூன்றாவது, சொல். பாடலாசிரியர் எதுகைக்காக இட்ட சொல்லைத் தளர்த்தி, கவனியாது விடப்பட்ட ஒரு சிறு சொல்லின் மீது பாரத்தை ஏற்றுவார். இம்மூன்றும் சேரும்போது பாடல் புதிதாக எழுதப்பட்டுவிடுகின்றது.

1935 யூலை 2ஆந் திகதி பியானோக் கலைஞர் ரெடி வில்சனின் தலைமையிற் பதிவான ‘வட் எ லிட்டில் மூன்லைட் கான் டூ’ இதற்கு நல்ல உதாரணம். ஹரி வூட்ஸ் எழுதிய இப்பாடல் நிலவொளியில் மயங்கும் காதலரைப் பற்றிய சாதாரணமான பாட்டு. வாத்தியக் குழு அதனை மிகு விரைவில் இசைக்கின்றது. பெனி குட்மனின் கிளாரினெட் முன்னே ஓடுகின்றது. ஹொலிடேயின் குரல் அவ்வேகத்துக்குக் கட்டுப்படாது, அதன் மேல் ஆறுதலாக அமர்ந்து செல்கின்றது. விரைவு வாத்தியங்களுடையது, நிதானம் பாடகியுடையது. பாட்டின் அசட்டுத்தனத்தை அவர் மறைக்கவில்லை, அதற்குள் அகப்படவுமில்லை. இன்றும் இப்பாடலை எவரேனும் நினைவுகூர்வராயின் அது இப்பதிவின் பொருட்டே. ஸ்டாண்டர்டுகளை நிலைக்கச் செய்ததிற் பாடுவோரின் உழைப்புக்கு உள்ள பங்கை இதனால் அறியலாம்.

1937 ஜனவரி 25ஆந் திகதிப் பதிவுகள் மற்றொரு முக்கிய கட்டம். கவுண்ட் பேசி குழுவைச் சேர்ந்த லெஸ்டர் யங், பக் கிளேற்றன் முதலியோர் அன்று கலையகத்தில் இருந்தனர். இர்விங் பேர்லின் திரைப்படமொன்றுக்கு எழுதிய ‘திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்’ என்னும் பாடலை லெஸ்டர் யங்கின் சக்சபோன் தொடங்கிவைக்க, ஹொலிடே தொடர்கிறார். வாத்தியம் எங்கே பேச்சாகின்றது, குரல் எங்கே வாத்தியமாகின்றது என்று பிரித்தறிதல் அரிது. பாடகியை நாயகியாக நிறுத்தி ஏனையோரைப் பின்னணியாக்கும் நட்சத்திர முறை இங்கு செயற்படவில்லை. ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதற்கேற்ப அடுத்தவர் சொல்லும் கூட்டுழைப்பின் ஒழுங்கே செயற்படுகின்றது. போட்டியை அடிப்படையாகக் கொண்ட ஒரு தொழிற்றுறையின் உள்ளேயே இத்தகைய உறவு சாத்தியமாகியிருந்தது என்பது சிந்தனைக்குரியது.

4

இனி ‘யெஸ்டர்டேஸ்’ பாடலுக்கு வருவோம். 1933இல் மேடையேறிய ‘றொபேர்ட்டா’ என்ற இசைநாடகத்துக்காக எழுதப்பட்டது அது. பாரிஸ் நகரின் ஆடை நிலையமொன்றைச் சுற்றி அமைந்த கதை. அதில் வயது முதிர்ந்த ஒரு பெண் பாத்திரம் தன் இளமையை எண்ணி ஏங்கிப் பாடுவதாக இப்பாட்டு அமைந்தது. அதன் சொற்கள் வேண்டுமென்றே பழமை தோன்றப் புனையப்பட்டவை. கழிந்துபோன பொற்காலம் ஒன்றனைப் பற்றிய, வசதி படைத்தோரின் ஏக்கம் அது.

இருபத்துநான்கு வயதான ஹொலிடே, கறுப்பின மக்கள் கொலையுண்டமையைப் பாடிய அதே நாளில் இதனையும் பாடினார். இங்கு எழும் வினா எளியது: யாருடைய நேற்று? அடிமைகளின் வழிவந்த ஒருத்தியின் வாயிற் ‘பொற்காலம்’ என்பது என்ன பொருள்படும்? ஹொலிடே அப்பாடலை எள்ளிநகையாடவில்லை, ஏக்கத்துடன் உருகவுமில்லை. சொற்களின் அலங்காரத்துக்குக் குரலை ஒத்துழைக்க விடாது, ஒவ்வொன்றையும் சற்றுத் தொலைவில் வைத்துப் பார்ப்பவர்போற் பாடுகின்றார். இதனால் ஏக்கத்தின் வெறுமை வெளிப்படுகின்றது. ‘ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்’ வரலாற்றை நேராகப் பேசுகின்றது. ‘யெஸ்டர்டேஸ்’ வரலாறற்றதாகப் புனையப்பட்ட ஓர் உணர்ச்சிக்குள் வரலாற்றைப் புகுத்துகின்றது. முன்னையது கவிஞரின் சொல்லால் நிகழ்ந்தது. பின்னையது பாடகியின் செயலால் நிகழ்ந்தது. இரண்டனையும் ஒருசேரக் கேட்டாலன்றி அன்றைய பதிவின் பொருள் முழுமையுறாது.

ஆயினும் உருவத்தின் ஆற்றலை மிகைப்படுத்தலும் தவறாகும். ஹொலிடே 1937இலும் 1948இலும் பதிவுசெய்த ‘மை மான்’ இதற்குச் சான்று. பிரெஞ்சு மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இப்பாடலிற் பெண்ணொருத்தி தன்னை அடிக்கும் ஆணை விட்டு நீங்க மறுக்கிறாள். அஞ்ஜலா டேவிஸ் 1998இல் வெளியான தமது நூலில், ஹொலிடே இத்தகைய வணிகக் காதற் பாடல்களின் மேலோட்டமான பொருளைக் குரலாற் புரட்டி, பெண்களின் அனுபவத்திலுள்ள முரண்பாடுகளை வெளிக்கொணர்ந்தார் என்று வாதிடுகின்றார். இவ்வாதம் பெருமளவு ஏற்புடையதே. நமது கட்டுரையும் அதற்குக் கடமைப்பட்டது. எனினும் ‘மை மான்’ பாடலைப் பொறுத்தவரை நாம் ஓர் எல்லையை வரையவே விரும்புகின்றோம். குரலிலுள்ள கசப்பு சொற்களின் அடிபணிவை அழித்துவிடவில்லை. கசப்பும் அடிபணிவும் அருகருகே நிற்கின்றன. அப்பாடலைக் கேட்டு அடிபணிவைக் காதலென மயங்கியவர்களும் இருந்திருப்பர். உருவம் கருத்தியலைக் கரைத்துவிடுவதில்லை. அதிலுள்ள முரண்பாட்டைக் கேட்கச் செய்கின்றது. கலைக்கு அதனினும் மேலான பணியைச் சுமத்தி, பின்னர் அது நிறைவேறிவிட்டதாகக் கொண்டாடுதல் விமர்சனமாகாது.

5

இனி இவ்வுழைப்பின் பயனை யார் பெற்றனர் என்பதையும் நோக்குவோம். 1930களின் நடுப்பகுதியில் வில்சனும் ஹொலிடேயும் செய்த பதிவுகள், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளிலே நாணயம் இட்டு இசைத்தட்டுக் கேட்கும் ஜூக்பொக்ஸ் பெட்டிகளின் சந்தையைக் கருத்திற்கொண்டு குறைந்த செலவில் ஆக்கப்பட்டவை. ஹொலிடேக்குப் பதிவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வழங்கப்பட்டது. விற்பனையின் அளவைப் பொறுத்த உரிமைப்பணம் வழங்கப்படவில்லை. பாடலை எழுதியோருக்கும் வெளியீட்டகத்துக்கும் பதிப்புரிமை இருந்தது. அப்பாடலை நினைவில் நிலைக்கச் செய்த குரலுக்கு எவ்வித உரிமையும் இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்கத் தொடங்கியது 1972இலேயே. அப்பொழுது ஹொலிடே இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

எழுதியவர் படைப்பாளி, பாடியவர் வெறும் நிகழ்த்துநர் என்னும் பாகுபாடு அழகியற் பாகுபாடுபோலத் தோன்றினும், அதன் வேர் சொத்துரிமைச் சட்டத்தில் உள்ளது. தாளில் எழுதக்கூடியது சொத்து. குரலிலே நிகழ்வது கூலி. விமர்சனமும் அறியாமலே இதனைப் பின்பற்றிற்று. அமெரிக்கப் பாடல் மரபை ஆராய்ந்த அலெக் வைல்டரின் 1972ஆம் ஆண்டு நூல் இசைக்குறிப்புத் தாள்களையே ஆதாரமாகக் கொண்டு, பாடலாக்கியோரின் வரிசையிலே அம்மரபை வகுத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. வாத்தியக் கலைஞர்கள் இந்நிலைமையை எதிர்த்து அமைப்பாகத் திரண்டதுண்டு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஓகஸ்ட் முதலாந் திகதி பதிவுப் புறக்கணிப்பைத் தொடங்கி, இசைத்தட்டு விற்பனையில் ஒரு பங்கைச் சங்க நிதிக்குக் கோரிற்று. 1943இல் டெக்காவும், 1944இல் கொலம்பியாவும் விக்டரும் பணிந்தன. ஆயின் பாடகர்கள் அச்சங்கத்தில் அடங்கியிருக்கவில்லை.

சந்தை மட்டுமன்றி அரசும் நிறவெறியும் அவரது தொழிலைக் கட்டுப்படுத்தின. 1938இல் வெள்ளையரான ஆர்ட்டி ஷோவின் குழுவிற் பாடியபோது, நியூயோர்க் ஹோட்டலொன்றில் அவர் விருந்தினரின் மின்தூக்கியைத் தவிர்த்துச் சரக்கு மின்தூக்கியிற் செல்லப் பணிக்கப்பட்டார். 1947இற் போதைப்பொருட் குற்றச்சாட்டிற் சிறை சென்று, அடுத்த ஆண்டு மீண்டபின், மதுபானம் விற்கும் நியூயோர்க் இரவு விடுதிகளிற் பாடுவதற்கான அனுமதி அட்டை அவருக்கு இறுதிவரை மறுக்கப்பட்டது. ‘ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்’ பாடப்பட்டது போன்ற சிறு மண்டபங்களே அவரது கலைக்கு ஏற்ற களம். அக்களம் பன்னிரண்டு ஆண்டுகள் அவருக்கு மூடப்பட்டிருந்தது.

6

1958 பெப்ரவரியிற் பதிவான ‘லேடி இன் சற்றின்’ என்னும் தொகுதி அவரது இறுதிக்காலச் சாதனைகளுள் ஒன்று. றே எலிஸ் அமைத்த தந்தி வாத்தியக் குழுவின் நடுவே குரல் உடைந்து, தடித்து ஒலிக்கின்றது. அதனைக் கேட்போர் பலர் அங்கே ஒரு பெண்ணின் சீரழிந்த வாழ்வைக் கேட்பதாகக் கருதுகின்றனர். 1959 யூலை 17ஆந் திகதி, வைத்தியசாலைப் படுக்கையில் வைத்துக் கைதுசெய்யப்பட்ட நிலையிலேயே, 44ஆவது வயதில் அவர் இறந்தமை இக்கருத்துக்கு வலுவூட்டிற்று. 1972இல் வெளிவந்த திரைப்படமும் அவரது துயரத்தையே மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

துயரத்தை வழிபடும் இப்போக்கு கருணையின் முகமூடி அணிந்த அவமதிப்பாகும். துன்பப்பட்டவர் எல்லாரும் இவ்வாறு பாடிவிடவில்லை. 1936இல் அவர் பதிவுசெய்த ‘தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்’ பாடலையும், அதே பாடலை ஒஸ்கார் பீற்றர்சனின் பியானோவுடன் 1952இற் பதிவுசெய்தமையையும் ஒப்பிட்டுக் கேட்போர் இதனை உணர்வர். பிரிந்த காதலனை நினைவூட்டும் சிறு பொருள்களின் பட்டியலே அப்பாட்டு. முதற் பதிவில் அது நடனத்துக்குரிய வேகத்தில் இளமையுடன் செல்கின்றது. பதினாறு ஆண்டுகளின் பின்னர் வேகம் குறைந்து, ஒவ்வொரு பொருளும் தனித்தனியே எடுத்துவைக்கப்படுகின்றது. குரலின் வளம் குறைந்திருக்கின்றது. காலத்தின் மீதான ஆட்சி வளர்ந்திருக்கின்றது. ‘லேடி இன் சற்றின்’ தொகுதியிலும் அவ்வாட்சி தளரவில்லை. அது பழகிப் பெற்ற தொழிற்றிறன். அதனை வெறும் வாழ்க்கைத் துயராகக் காண்பது, தொழிலாளியின் கைத்திறனைக் காணாது காயத்தை மட்டும் காண்பதற்கு ஒப்பாகும்.

‘ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்’ பதிவில் வாத்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பிராங்கி நியூட்டன் என்னும் ட்ரம்பெற் கலைஞர், இடதுசாரி. மார்க்சிய வரலாற்றறிஞர் எரிக் ஹொப்ஸ்போம் ஜாஸ் பற்றி எழுதுகையில் ‘பிரான்சிஸ் நியூட்டன்’ என்று தமக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்டது இவரை நினைந்தே. 1959இல் அப்பெயரில் வெளியான ‘த ஜாஸ் சீன்’ என்னும் நூல், ஜாஸின் உருவத்தையும் அதன் தொழிற்றுறைப் பொருளாதாரத்தையும் கேட்போரின் வர்க்கச் சார்பையும் ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்தது. அவ்வழி நமக்கு இன்றும் பயனுடையது.

உருவமா உள்ளடக்கமா என்று நமது சூழலில் நெடுங்காலம் நிகழ்ந்த விவாதம் பெரும்பாலும் எழுத்திலக்கியத்தையே மனங்கொண்டு நிகழ்ந்தது. நிகழ்த்துகலைகளை எடுத்துக்கொண்டால் அவ்வினாவையே வேறு விதமாகக் கேட்க வேண்டியுள்ளது. ஒரு பாட்டு என்ன சொல்கின்றது என்று கேட்பதோடு, அதனைப் பெற்றுக்கொண்டவர் அதற்கு என்ன செய்தார், எந்த நிபந்தனைகளின் கீழ்ச் செய்தார், அச்செயலின் பயன் எவரைச் சென்றடைந்தது என்றும் கேட்டல் வேண்டும். பில்லி ஹொலிடேயின் ஸ்டாண்டர்டுகள் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடையைத் தருகின்றன. ஆகவே 1939 ஏப்பிரல் 20ஆந் திகதியின் நான்கு பதிவுகளையும் நாம் ஒன்றாக வைத்தே கேட்டல் வேண்டும். மூன்றைத் தள்ளி ஒன்றைக் கொண்டாடுவது, அவரது உழைப்பைச் சந்தை மதிப்பிட்ட அளவுக்கும் குறைவாக நாம் மதிப்பிடுவதாக முடியும்.